கையைத் தொங்கவிட்டால் வலியில்லை

என் மனைவி செபஸ்தியம்மா கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணியை என் தொடையில் ஊற்றியதில் கொலை நோக்கம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய ஒருத்திக்கு அப்படி ஒரு நோக்கம் வந்திருந்தால் யாரும் அவளைக் குற்றம் சொல்ல மாட்டார்கள், அது வேறு விஷயம். அவள் கோப்பையை நீட்டினாள். நான் வாங்கக் கையை நீட்டினேன். அவளுடைய வலது கை பாதி வழியில், தன் வேலை முடிந்துவிட்டதாகத் தானே முடிவு செய்துகொண்டது. விரல்கள் விரிந்தன. நான் இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து வாசலில் தண்ணி ஓடுகிற கானுக்குள் பாய்ந்தேன்.

"ஐயோ, வேணும்னு ஊத்தலைங்க!"

"தெரியும்டி. வேணும்னு ஊத்தியிருந்தா தொடையோட நின்னிருக்காது."

அவள் சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து லயத்து நாய் நம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி.

தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் எடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதில்லை. பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசுவார்கள். அது முதுகில் தொங்குகிற பைக்குள் போய் விழும். பையின் வார் தலையில். பாரம் ஏற ஏறக் கழுத்து இறங்கும். கை மட்டும் ஏறி ஏறி வீசிக்கொண்டே இருக்கும். செபஸ்தி பதினெட்டு வயதில் வீச ஆரம்பித்தவள். இப்போது அவள் பிள்ளைகளுக்கே அந்த வயது தாண்டிவிட்டது. கையைத் தூக்கினால் சுண்டுவிரலில் எறும்பு ஊர்கிறது என்றாள் முதலில். பிறகு எறும்பு முழங்கைவரை வந்தது. பிறகு கை விறகுக்கட்டை ஆனது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பனடோல் மாத்திரை கொடுத்தார்கள். அங்கே பிரசவ வலிக்கும் பல்வலிக்கும் மனவலிக்கும் அதுதான் என்பதால் நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே முஷ்ரிபா என்ற டொக்டரம்மா, செபஸ்தியின் இரண்டு கைகளையும் மேலே தூக்கச் சொல்லி, விரல்களை மூடி மூடித் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வலது கை வெளுத்து, நடுங்கி, அறுத்துவிட்ட வாழைக்குலை மாதிரித் தொப்பென்று விழுந்தது.

"கழுத்திலேருந்து கைக்குப் போற நரம்பெல்லாம் காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் நடுவில நசியுது. தொராசிக் அவுட்லெட் சின்ட்ரோம் என்று சொல்லுவாங்க. பாரம் தூக்கக் கூடாது. கையைத் தூக்கி வீசுற வேலை கூடவே கூடாது. பயிற்சி தாறன், செய்யுங்க. நிறையப் பேருக்குச் சரியாகும்."

"செய்யாட்டி?" என்றேன் நான்.

"கைச் சதை கரையும். கரைஞ்சா திரும்பி வராது."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. சொன்னதை ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

அந்தத் துண்டை, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் தயாபரன் ஐயாவிடம் நீட்டினோம். தயாபரன் ஐயா எங்கள் ஊசிக்கல் தோட்டத்தின் வெளிக்கள உத்தியோகத்தர். யாருக்குக் கொழுந்தெடுக்க எந்த மலை, யாருக்குப் பாரமில்லாத லைட் வேலை என்று சொல்வது அவர்தான். தோட்டத்தை நடத்துகிற தொரை கையெழுத்து மட்டும் போடுவார். ஐயா அந்தத் துண்டை வெளிச்சத்தில் பிடித்து, கள்ள நோட்டுப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இது டொக்டர் சொல்றது. டொக்டருக்கு யாரு சொன்னது?"

"நான்தாங்க ஐயா சொன்னேன், வலிக்குதுன்னு" என்றாள் செபஸ்தி.

"பாத்தியா! சுத்திச் சுத்தி உங்கிட்டயே வந்து நிக்குது. இனிமே அப்படியெல்லாம் இல்ல. பதுளையில சபை வச்சாச்சு. கரண்ட் புடிச்சுப் பாப்பாங்க. கரண்ட் வலிக்குதுன்னு சொன்னா லைட் வேலை. இல்லாட்டி மலைக்குப் போ."

சபையின் முழுப்பெயர் ஊவாப் பெருந்தோட்டக் கைவலி மெய்ப்பிப்பு மேற்சபை. பதுளையில் ஒரு புடைவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. வாசலில் 'வலியற்ற ஊவாவை நோக்கி' என்று பதாகை. உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் மெசின். அதற்குச் சாமந்தி மாலை போட்டு, நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனம் வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்திருந்தார்கள். நான் வேதக்காரன் என்றாலும் பாதுகாப்புக்காக ஒரு கும்பிடு போட்டேன். எனக்கு எல்லாப் பக்கமும் ஆள் வேண்டும்.

சபைத் தலைவர் டொக்டர் கணபதி. டை என்கிற கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். மெசினைத் தட்டுகிறவர் தயானி மிஸ். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான் கூட்டம். ஆனாலும் தலைவர் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, எழுந்து நின்று பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! வலி என்பது ஒரு அபிப்பிராயம். மின்சாரம் என்பது ஒரு உண்மை. முன்பெல்லாம் யாராவது வலிக்கிறது என்றால் நாங்கள் நம்பிவிட்டோம். என்ன அநியாயம்! இந்தச் சபை தொடங்கிய நாளிலிருந்து எத்தனையோ தொழிலாளர்களைப் பரிசோதித்துவிட்டோம். ஒருவருக்காவது வலி இருந்ததா? இல்லை! இந்த மெசின் வருவதற்கு முன்னால் இந்த மாகாணத்தில் எவ்வளவு வலி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். இது மருத்துவத்தின் வெற்றி."

கைதட்டினோம். செபஸ்தி இடது கையால் தொடையில் தட்டினாள்.

அவளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்துக் கையை உடம்போடு ஒட்டி நீட்டி, மணிக்கட்டையும் முழங்கையையும் நாடாவால் கட்டினார்கள். பெருவிரலின் அடியிலும் சுண்டுவிரலிலும் வயர் ஒட்டினார்கள். தயானி மிஸ் இரண்டு பல் வைத்த ஒரு கருவியை மணிக்கட்டில் அழுத்தினார்.

"அம்மே, பயப்பட வேணாங். சின்ன அடி."

சட்டென்று ஒரு சத்தம். செபஸ்தியின் கை, கழுத்தறுத்த கோழி மாதிரித் துள்ளியது. நாடா இறுகியது. அவள் "யேசுவே" என்றாள்.

"வலித்ததா?" என்று தலைவர் அக்கறையோடு கேட்டார்.

"ஆமாங்க டொக்டர் ஐயா!"

"மிக நன்று. எழுதும் மிஸ்: நரம்பு உயிரோடு இருக்கிறது."

முழங்கையில் ஓர் அடி. அக்குளில் ஓர் அடி. ஒவ்வொன்றுக்கும் கை துள்ளியது, தலைவர் மகிழ்ந்தார். பிறகு ஊசி வந்தது. மருந்து போடுகிற ஊசி இல்லை. தசைக்குள் குத்தி, உள்ளே வைத்துக்கொண்டு, அங்குமிங்கும் திருப்பித் தசை என்ன பேசுகிறது என்று கேட்கிற ஊசி. பெருவிரல் அடிச் சதையில் அது இறங்கியதும் மெசின் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்வதுபோலப் படபடவென்று சத்தம் போட்டது.

"இறுக்கிப் பிடியுங்கள்! இன்னும்! இன்னும்! விடுங்கள். பிடியுங்கள்!"

ஊசி வெளியே வந்து வேறு இடத்தில் இறங்கியது. பிறகு வேறு இடம். கட்டில் விரிப்பில் சிவப்புப் பொட்டுகள் விழுந்தன. செபஸ்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் தலைமாட்டில் நின்று அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் என் விரல்களை நசித்த நசிப்பில் எனக்கும் ஒரு சின்ட்ரோம் வந்திருக்க வேண்டும்.

"எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார் தலைவர்.

செபஸ்தி கண்ணைத் திறந்தாள். "ஐயா, கையத் தொங்கப் போட்டிருந்தா வலிக்காதுங்க. தூக்குனாத்தாங்க வலிக்கும். தூக்க வச்சுப் பாருங்களேன்."

"தூக்கிவைத்துப் பார்க்க முடியாது, அம்மா. கை கீழே இருக்கும்போது இவ்வளவு இருக்க வேண்டும் என்றுதான் மெசினில் அளவு இருக்கிறது. தூக்கிய கைக்கு அளவே இல்லை. அளவில்லாத இடத்தில் நோய் எப்படி இருக்க முடியும்?"

"படுத்துக்கிட்டு யாரும் கொழுந்து எடுக்கிறதில்லைங்களே" என்றேன் நான். வாய் சும்மா இருக்காது.

"அது தோட்ட நிர்வாகம் தீர்க்க வேண்டிய பிரச்சினை."

நான் முஷ்ரிபா டொக்டரம்மா சொன்னதையும் எடுத்துவிட்டேன். இந்தச் சோதனை வேறு நோய் இல்லை என்று பார்க்கத்தானாம், இது சரியாக வந்தாலும் இந்த நோய் இல்லை என்று அர்த்தமில்லையாம். தலைவரின் முகம் சிவந்தது. அவர் கழுத்துப்பட்டியை இறுக்கினார்.

"அந்த டொக்டர் நோயாளியைப் பார்த்துவிட்டு நோயைச் சொல்கிறார். நாங்கள் அப்படியல்ல. நாங்கள் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. அதுதான் நடுநிலைமை. மிஸ், காறை எலும்புக்கு மேல் வையும். கூட்டும்."

"சேர், தோள்ல நாடா இல்லை..."

"கூட்டும் என்றேன்."

தயானி மிஸ் காறை எலும்புக்கு மேல் குழியில் கருவியை அழுத்தினார். தலைவர் நன்றாகப் பார்ப்பதற்காகக் குனிந்தார். சத்தம் கேட்டது. நாடா அறுந்தது. செபஸ்தியின் கை எத்தனையோ வருடமாகச் செய்ததையே செய்தது: பிடி கொழுந்தைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு வீசியது. வழியில் தலைவரின் மூக்கு இருந்தது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் போட எனக்குத் தெரியாது. முள்ளங்கியை இரண்டாக உடைத்தால் வருமே, கிட்டத்தட்ட அது. தலைவர் மெசினில் சாய்ந்தார், மாலை சரிந்தது, சட்டையில் இரத்தம் கொட்டியது. வீசிய கை திரும்பி வந்து கட்டிலுக்கு வெளியே செத்த பாம்பு மாதிரித் தொங்கியது. செபஸ்தி கத்திக் கத்தி மன்னிப்புக் கேட்டாள். அவ்வளவும் வலியில் கத்துகிற குரலிலேயே இருந்தது.

தலைவர் இரண்டு மூக்குத் துவாரத்திலும் பஞ்சை அடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் ஒரு ஞானியின் சாந்தம்.

"எழுதும் மிஸ். வலது கையின் வீச்சுப் பலம்: அதி சிறப்பு."

"சேர், அது கரண்ட் அடிச்சதாலதானே..."

"எழுதும்."

எழுதினார்கள். ஆனால் சபையின் நடைமுறைப்படி, ஒரு கை நல்ல கை என்று தீர்ப்புக் கொடுக்க இன்னொரு நல்ல கையோடு ஒப்பிட வேண்டுமாம். வழக்கமாகக் கீழே புடைவைக் கடைப் பையனைக் கூட்டிவருவார்களாம். அவன் இப்போது மாடி என்றாலே ஓடுகிறானாம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். கத்தியும் கையுமாகவே வளர்ந்தவன். மின்சாரம் என்ன செய்துவிடும் என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு போய்ப் படுத்தேன். முதல் அடியிலேயே என் முன்னோர் இந்தியாவிலிருந்து நடந்து வந்த பாதை முழுவதும் கண்ணில் தெரிந்தது. இரண்டாவது அடியில் அவர்களோடு திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. ஊசி இறங்கியபோது நான் மாதாவைக் கூப்பிட்டேன், பிள்ளையாரைக் கூப்பிட்டேன், கடைசியில் தொழிற்சங்கத் தலைவரைக்கூடக் கூப்பிட்டேன். யாரும் வரவில்லை. செபஸ்தி தன் வலியை மறந்து, "கொஞ்சம் கத்தாம இருங்களேன், கடைக்குக் கேக்குது" என்றாள்.

திடீரென்று தலைவர் மெசினின் திரையை உற்றுப் பார்த்தார். தயானி மிஸ்ஸும் பார்த்தார்.

"இடது மணிக்கட்டில் நரம்பு தாமதிக்கிறது" என்றார் தலைவர். "மிஸ், திரும்ப அடியும்."

திரும்ப அடித்தார்கள்.

"தாமதிக்கிறது! மணிக்கட்டில் நரம்பு நசிகிறது! மிஸ், இவருக்கு நோய் இருக்கிறது!"

"எனக்கு வலிக்கலைங்களே, ஐயா" என்றேன். "இப்ப நீங்க அடிச்சதுதான் வலிக்குது."

"வலிக்காமல் இருப்பதுதான் இந்த நோயின் கொடூரம்." அவர் கண்களில் நீர் தளும்பியது, மூக்கு உடைந்ததாலும் இருக்கலாம். "இந்தச் சபை தொடங்கி இன்றுதான் ஒரு நோயாளி கிடைத்திருக்கிறார்."

மெசினின் கழுத்திலிருந்த சாமந்தி மாலை என் கழுத்துக்கு வந்தது. படம் எடுத்தார்கள். தலைவர் இரண்டாவது உரையை ஆற்றினார். பாதி மூக்கால் பேசியதால் அது இன்னும் உருக்கமாக இருந்தது. தீர்ப்பு வந்தது: மரியநாயகம் என்கிற நான் எந்தப் பாரமும் தூக்கக் கூடாது, இதைத் தோட்ட நிர்வாகம் கண்டிப்பாகக் கண்காணிக்க வேண்டும். செபஸ்தியம்மாவின் கை பூரண சுகம், எந்தப் பாரமும் தூக்கலாம்.

திரும்பும் பஸ்ஸில் பண்டாரவளை தாண்டியதும் செபஸ்தி எழுந்து எனக்கு ஜன்னல் பக்கத்தை விட்டாள்.

"நோயாளி ஐயா, இந்தப் பக்கம் உக்காருங்க. காத்துப் படட்டும்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பெரகலைச் சந்தி வரும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முந்தானையை இடது கையால்தான் இழுத்தாள். நான் வெளியே பார்த்தேன். பார்ப்பதற்கு அங்கே வழக்கமான பனிதான் இருந்தது.

மறுநாளிலிருந்து எனக்கு லைட் வேலை. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் உட்கார்ந்து நாய் விரட்டுவது. எங்கள் தோட்டத்து நாய்கள் மானஸ்தர்கள். நிறுவைப் பக்கம் வரவே மாட்டார்கள். ஆகவே நான் உட்கார்ந்து மேலே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிரையில் எல்லாப் பெண்களும் வீசுவது தெரியும். செபஸ்தி வீசுவது மட்டும் வேறு மாதிரித் தெரியும். மூன்று தரம் வீசுவாள், கையை உதறுவாள், இடது கையால் வலது கையைத் தூக்கிப் பிடித்துப் பைக்குள் தள்ளுவாள். ஒருநாள் மத்தியானம், பை நிறைந்து இறங்கி வருகிறபோது, அவள் சரிவில் நின்றுவிட்டாள். வாரைப் பிடிக்கக் கை மேலே வரவில்லை. பை ஒரு பக்கம் இழுக்க, கழுத்து வளைந்து நின்றாள்.

நான் ஏறி ஓடினேன். பையைக் கழற்றி என் தலையில் மாட்டிக்கொண்டேன்.

"விடுங்க. யாராவது பாத்தா..."

"பாத்தா பாக்கட்டும். பொண்டாட்டி பையத் தூக்குறது எந்தச் சட்டத்துல குத்தம்?"

எந்தச் சட்டத்தில் குற்றம் என்று தயாபரன் ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. பாதையில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டு, மாரிசாமி என்கிற காவல்காரனையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தார். மாரிசாமி கையில் கம்பு.

"மரியநாயகம்! என்ன காரியம் பண்ற? உனக்கு நோய்! பைய எறக்கு!"

"எனக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா. அவளுக்குத்தான்..."

"நீ சொல்லாத. கரண்ட் சொல்லியிருக்கு. நாளைக்கு உன் கைக்கு ஏதாச்சும் ஆனா தோட்டம்ல பதில் சொல்லணும்? உன் உடம்பு மேல உனக்கு அக்கறை இல்லாட்டியும் எங்களுக்கு இருக்கு. எறக்குடா!"

நான் இறக்கவில்லை. ஐயா வாரைப் பிடித்து இழுத்தார். நானும் இழுத்தேன். என் கழுத்து இரண்டு பேருக்கும் நடுவில் நெறிபட்டது. ஐயா மாரிசாமிக்குத் தலையை அசைத்தார். அதன் பிறகு என் உடல்நலத்தைக் காப்பாற்றுவதற்காக என்னை அடித்தார்கள்.

மாரிசாமியைக் குறை சொல்லக் கூடாது. கவனமாகத்தான் அடித்தான். முதல் அடி முழங்காலுக்குப் பின்னால், நான் குப்புற விழுந்தேன். இரண்டாவது முதுகில். தேயிலை மிலாறுக் குச்சி கன்னத்தைக் கிழித்தது. வாய்க்குள் மண். நான் இடது கையால் தலையை மறைத்தபோது ஐயா பதறிப்போய், "டேய், அந்த மணிக்கட்டுல படாம அடிடா, அதுலதான் நோய்!" என்று கத்தினார். மாரிசாமி கம்பைக் கொஞ்சம் திருப்பி விலாவில் போட்டான். உள்ளே என்னமோ முறிந்தது. மேலே நிரையில் நின்ற பெண்கள் கூச்சல் போட்டார்கள். செபஸ்தி மாரிசாமியின் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் காலை உதறினான், அவள் உருண்டாள்.

"போதும்" என்றார் தயாபரன் ஐயா, மூச்சு வாங்க. "நோயாளிய அதிகமா அடிக்கக் கூடாது."

பையை என் தலையிலிருந்து கழற்றினார். உட்கார்ந்திருந்த செபஸ்தியிடம் கொண்டுபோனார். "இந்தா, இது உன் பாரம். சபை உனக்குன்னு சொன்ன பாரம்." குனிந்து, வாரை அவள் தலையில் மாட்டினார். பாரம் பின்னுக்கு இழுத்ததும் அவளுடைய வலது கை ஒரு தரம் எழும்பப் பார்த்தது. எழும்பவில்லை. ஐயாவின் முகம் அவள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. முகத்தின் ஓரத்தில் காது இருந்தது.

செபஸ்தி அதைக் கடித்தாள்.

விளையாட்டுக் கடி இல்லை. வலது கையில் இத்தனை காலம் செத்துக்கொண்டிருந்த பலமெல்லாம் ஒதுங்க வேறு இடமில்லாமல் தாடைக்குப் போயிருந்தது. ஐயா அலறிய அலறலில் வெலிமடைப் பக்கத்து மரக்கறி லொறிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர் இழுக்க இழுக்க அவள் விடவில்லை. மாரிசாமி கம்பை ஓங்கினான், யாரை அடிப்பது என்று தெரியாமல் நின்றான். இரத்தம் அவள் நாடியில் வழிந்து, பையிலிருந்து சிந்திய கொழுந்தில் சொட்டியது. கடைசியில் அவள் விட்டபோது காதின் கீழ்ப்பகுதி ஐயாவோடு போகவில்லை. அவள் துப்பினாள். மாரிசாமி அதை ஒரு தேயிலையில் எடுத்து வைத்துக்கொண்டான். சொன்னேனே, கவனமான ஆள்.

மாலைக்குள் எல்லோரும் பொலிஸில். ஐயா காதில் பெரிய கட்டு. நான் விலாவைப் பிடித்துக்கொண்டு சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் செபஸ்தி. பொலிஸ் பெரியவர் சிங்களத்தில்தான் பேசினார். ஐயாவும் சிங்களத்தில்தான் முறைப்பாடு சொன்னார். எனக்கு இரண்டும் விளங்கும். அடி வாங்க வேண்டிய ஊரில் எல்லா மொழியும் விளங்கியாக வேண்டும்.

கான்ஸ்டபிள் விலங்கு மாட்டுவதற்குச் செபஸ்தியின் வலது கையைப் பிடித்தார். உடனே விட்டுவிட்டார். "சேர், ஐஸ் மாதிரி இருக்கு. நீலமா வேற இருக்கு." பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, விலங்கு வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஐயா பக்கம் திரும்பினார்.

"கையால அடிச்சாளா?"

"இல்ல சேர். கடிச்சா."

"முதல்ல கையால அடிச்சு, பிறகு கடிச்சாளா? கையால அடிச்சிருந்தா குற்றம் இன்னும் பெரிசு. யோசிச்சுச் சொல்லு."

தயாபரன் ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"அவளால எப்படி சேர் அடிக்க ஏலும்? அந்தக் கை நெஞ்சுக்கு மேல வராது. இந்த வருசம் பூரா நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். மூணு தரம் வீசுனா விழுந்துரும். பைய எறக்குறதுக்கே மத்தப் பொம்பளைங்கதான் வரணும். தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும், தொரைக்கும் தெரியும். கை ஏலாதவதானேன்னு நம்பித்தான் சேர் நான் கிட்டப்போய்க் குனிஞ்சேன். அந்த நம்பிக்கைய அவ கெடுத்துட்டா."

பெரியவரின் பேனை நின்றது.

"கை ஏலாதவ தலையிலயா பைய மாட்டுனாய்?"

"சபையில... கரண்ட்ல... நல்ல கைன்னு வந்திருக்கு சேர்."

"கரண்ட் கிடக்கட்டும். ஏலாதுன்னு நீ உன் கண்ணால கண்டாயா?"

"கண்டேன் சேர். தினமும்."

"எழுதவா?"

"எழுதுங்க சேர். உண்மைதானே."

எழுதினார். வாசித்துக் காட்டினார். ஐயா ஒவ்வொரு வசனத்துக்கும் நல்ல காதைக் கொடுத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, அடியில் கையெழுத்தும் போட்டார். பெரியவர் பேனையை மூடினார். காதைத் தைக்க ஐயா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கையைக் காட்ட செபஸ்தியும் போக வேண்டும், விலாவுக்கு நான் போக வேண்டும், கடித்ததற்கு ஒரு வழக்கு, அடித்ததற்கு ஒரு வழக்கு என்றார். பிறகு ஐயாவைப் பார்த்து, கொஞ்சமும் சத்தம் போடாமல் சொன்னார்:

"இனிமேல் இந்தப் பொம்பளை தலையில யாராவது பாரம் ஏத்துனா, தெரியாமச் செஞ்சேன்னு சொல்ல உனக்கு வழியில்ல. உன் தொரைக்கும் சொல்லு."

ஐயாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் விளங்கியது போலிருந்தது. கட்டுப்போட்ட காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

செபஸ்திக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. "என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள்.

"உன் கை ஏலாதாம்" என்றேன். "ஐயாவே சொல்லிட்டாரு."

"ஐயாவா?"

"ஆமா. தினமும் பாத்தாராம்."

அவள் தயாபரன் ஐயா பக்கம் திரும்பினாள். உதட்டோரத்தில் அவருடைய இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. துடைப்பதற்கு வலது கையைத் தூக்கினாள். பழக்கம். கை நெஞ்சுவரைக்கும் வந்தது, அங்கே நடுங்கி நின்றது, மடியில் விழுந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். கான்ஸ்டபிள் பார்த்தார். ஐயாவும் பார்த்தார். யாரும் மேற்கொண்டு எந்தச் சோதனையும் கேட்கவில்லை.

"தொடச்சு விடுங்க" என்றாள்.

நான் சட்டை நுனியை எச்சில் தொட்டு அவள் வாயைத் துடைத்தேன்.

"மெதுவாங்க" என்றாள். "பல்லு ஒண்ணு ஆடுது."